கடைசி நாளிலிருந்து எண்ணத் தொடங்கினோம்: பொனேர் தீவில் எங்கள் வெள்ளிவிழா

எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவைக் கரீபியக் கடலுக்கடியில் கழிக்க வேண்டும் என்பது என் கணவர் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த ஆசை. நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில், ஒரே பயிற்றுநரிடம் ஸ்கூபா கற்றவர்கள். அதன்பிறகு அவர் ஆண்டுதோறும் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார். நானோ வீட்டுப் பொறுப்புகளால் ஆறு ஆண்டுகள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. திட்டமிட உட்கார்ந்த அன்று அவருடைய டைவ் குறிப்பேட்டில் 140 முக்குளிப்புகள் பதிவாகியிருந்தன, என்னுடையதில் 23. பயணத்தின் ஒவ்வொரு முடிவையும் இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தே எடுத்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

அவர் முதலில் எழுதிய அட்டவணை அழகாக இருந்தது. பத்து இரவுகள், நாளுக்கு மூன்று முக்குளிப்புகள், மணநாளான கடைசி நாள் மாலையில் ஓர் இரவு முக்குளிப்பு, மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம். அதை இரண்டாம் முறை படித்தபோதுதான் பயிற்சியில் கற்ற ஒரு விதி எனக்கு நினைவுக்கு வந்தது. அழுத்தக் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் இருக்கும்போது நம் திசுக்களில் நைட்ரஜன் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுமையாக வெளியேறப் பல மணி நேரமாகும். அதற்குள் விமானத்தில் ஏறினால், குறைந்த அழுத்தமுள்ள அந்த அறைக்குள் மீதமிருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக மாறி, மூட்டுவலி முதல் நரம்புப் பாதிப்பு வரை உண்டாக்கக்கூடும். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டான் தரும் வழிகாட்டுதல். 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். அந்தக் கணக்கின்படி எங்கள் மணநாளில் நாங்கள் கடலில் இறங்கவே முடியாது.

ஆகவே அட்டவணையைக் கிழித்துவிட்டு விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கினோம். புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் முழுவதும் கரையில் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதினோம். தீவில் இறங்கும் நாளிலும் முக்குளிப்பு இல்லை என்று அடுத்து எழுதினோம். நீண்ட பயணத்தில் உடல் நீரிழந்து, உறக்கம் கெட்டுப் போயிருக்கும், அந்த நிலையில் கடலில் இறங்குவது நல்லதல்ல. மணநாளை எட்டாம் நாளில் வரும்படி முன்னும் பின்னும் இடம் விட்டுப் பயணத்தை நகர்த்தி, ஓர் இரவைக் கூடுதலாகச் சேர்த்தோம். இந்த ஒரே மாற்றம்தான் எங்கள் வெள்ளிவிழாவைக் காப்பாற்றியது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தத் தீவு என்பதில் எங்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது. அவர் மெக்சிகோவின் கொசுமெல் தீவை விரும்பினார். அங்கே நீரோட்டமே நம்மைப் பவளச் சுவரை ஒட்டி இழுத்துச் செல்லும். அந்த அனுபவத்துக்கு ஈடில்லை என்று பலர் சொல்வார்கள். ஆனால் நீரோட்டத்தில் நின்று நிதானிக்க முடியாது, படகு வைக்கும் நேரம்தான் நம் நேரம், குழுவின் வேகம்தான் நம் வேகம். ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் இறங்கப் போகும் எனக்கு, பயமாக இருந்தால் திரும்பி நடந்து கரையேறிவிடக்கூடிய ஓர் இடம் தேவைப்பட்டது. வெனிசுவேலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொனேர் அப்படிப்பட்ட தீவு. வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் அதன் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பவளத்திட்டு கரையிலிருந்து சில நிமிட நீச்சலிலேயே தொடங்கிவிடும். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் முக்குளிப்பிடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, உபகரணங்களை மாட்டிக்கொண்டு, நடந்தே கடலில் இறங்கலாம்.

பொனேர் புயல் பாதைக்கு வெளியே இருக்கிறது என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனாலும் 1999 நவம்பரில் லென்னி புயலும், 2008 அக்டோபரில் ஓமர் புயலும் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து பேரலைகளை அனுப்பி, அந்த அமைதியான கரையின் ஆழம் குறைந்த பவளங்களை உடைத்தன. எனவே புயல் மாதங்களில் செல்பவர்கள் பயணச்சீட்டை மாற்றும் வசதியோடு எடுப்பது நல்லது. நாங்கள் 2024 மே மாதத்தில் சென்றோம். தண்ணீர் 27, 28 டிகிரி இருந்தது, 3 மில்லிமீட்டர் நீருடை போதுமானதாக இருந்தது.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொனேர் 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில் அது சேராது. விசா தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கரீபியப் பகுதிக்கான விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் விமானம் மாறினால்கூட அந்நாட்டு விசா வேண்டியிருக்கும் என்பதைச் சீட்டு எடுக்கும் முன்பே கவனிக்க வேண்டும். தீவின் நாணயம் 2011 முதல் அமெரிக்க டாலர். நாங்கள் சென்றபோது வருகையாளர் வரியாக ஆளுக்கு 75 டாலரும், கடலில் இறங்குவோருக்கான இயற்கைக் கட்டணமாக 40 டாலரும் புறப்படும் முன்பே இணையத்தில் செலுத்தினோம். இந்த இரண்டையும் முக்குளிப்பு நிலையங்களின் தொகுப்பு விலையில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

மருத்துவப் படிவத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்க மனம் வரவில்லை. முக்குளிப்புக்கு முன் நிரப்பச் சொல்லும் கேள்விப் படிவத்தில் 45 வயதைக் கடந்தவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறித்தாலும் மருத்துவரின் கையொப்பம் வேண்டும். என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அந்தக் கையொப்பத்தை ஊரிலேயே, அவரை அறிந்த மருத்துவரிடம், உடற்பயிற்சியின்போதான இதயப் பரிசோதனையுடன் பெற்றுக்கொண்டோம். எங்கள் கண்முன்னே ஒரு தம்பதியர் தீவுக்கு வந்த பிறகு படிவத்தைப் பார்த்துவிட்டு, மருத்துவரைத் தேடி ஒன்றரை நாளை இழந்தார்கள். ‘இல்லை’ என்று பொய்யாகக் குறித்துவிட்டால் போயிற்று என்று யாராவது அறிவுரை சொன்னால், தயவுசெய்து கேட்க வேண்டாம். காப்பீடும் அதைப் போன்றதே. நாங்கள் வைத்திருந்த வழக்கமான பயணக் காப்பீட்டின் சிறு எழுத்துகளில் ஸ்கூபா விலக்கப்பட்டிருந்தது. நைட்ரஜன் குமிழிகளால் வரும் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை பொனேரின் மருத்துவமனையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சையின் செலவைத் தாங்க முக்குளிப்புக்கென்றே எடுத்த காப்பீடு வேண்டும்.

புறப்படுவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் நான் நீச்சல்குளத்தில் மறுபயிற்சி எடுத்தேன். மாஸ்க்கில் தண்ணீரை நிறைத்து, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சியில் முதல் முறை பதறி மேலே வந்துவிட்டேன். நான்காம் முறை அமைதியாகச் செய்ய முடிந்தது. இந்தப் பதற்றம் இரண்டு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் வெளிப்பட்டது எவ்வளவு நல்லது என்று அன்றிரவு இருவரும் பேசிக்கொண்டோம். பயிற்சி முடிந்த பிறகு அவருடைய பட்டியலிலிருந்த ஆழமான இடங்களின் பெயர்களுக்கு எதிரே என்னுடைய ஒப்புதல் கிடைத்தால் மட்டும் என்று அவராகவே எழுதி வைத்தார்.

பொனேரில் கடற்கரை உயர் அலைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை முழுவதும் கடல் பூங்கா. 1979இல் அது அமைக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1971இல், ஈட்டியால் மீன் பிடிப்பதை அங்கே தடைசெய்துவிட்டார்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போட முடியாது, கையுறை அணியக் கூடாது. கையில் உறை இருந்தால் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும் என்பதே காரணம். எத்தனை அனுபவம் உள்ளவராக இருந்தாலும் முதலில் விளக்க உரை கேட்டு, நிலையத்தின் முன்னாலேயே ஒரு சோதனை முக்குளிப்பைச் செய்ய வேண்டும். அதை ஒரு சடங்காக நினைத்து விரைந்து முடிப்பவர்களைப் பார்த்தேன். நாங்கள் ஐந்து மீட்டர் ஆழத்தில் மணல் மேல் முக்கால் மணி நேரம் இருந்தோம். எடைக் கட்டிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக இலேசாகி மேலே தூக்கும். ஆகவே சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மட்டும் மிச்சமிருக்கும்போது ஐந்து மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்பதுதான் சரியான சோதனை. எனக்கு இரண்டு கிலோ கூடுதலாகத் தேவைப்பட்டது. அதே முக்குளிப்பில், எனக்கு வாடகைக்குத் தந்த, மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் சிறிது தண்ணீர் விடுவதைக் கண்டு மாற்றிக்கொண்டோம். அந்தச் சிறு குறை இருபது மீட்டரில் தெரிந்திருந்தால் என்னுடைய நிலை வேறாக இருந்திருக்கும்.

வாடகை வண்டியைப் பற்றி இரண்டு செய்திகள். பின்புறம் திறந்த பிக்கப் வண்டிதான் சிலிண்டர்களை ஏற்ற வசதி. முக்குளிப்பிடங்களில் நிறுத்திய வண்டிகளில் சிறு திருட்டுகள் நடப்பதால், எதையும் உள்ளே வைக்காமல், கண்ணாடியை இறக்கி, கதவைப் பூட்டாமல் விட்டுச் செல்லச் சொல்கிறார்கள். பூட்டிய வண்டியின் கண்ணாடியைத்தான் உடைப்பார்களாம். சாவியை நம்முடனேயே கடலுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதால், மின்னணுப் பொறி இல்லாத வெறும் உலோகச் சாவியுள்ள வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும்.

கரையிலிருந்து இறங்குவது எளிது என்று நான் எண்ணியிருந்தது பாதிதான் உண்மை. தண்ணீருக்குள் இருப்பது எளிது. இறங்குவதும் ஏறுவதும் கடினம். கரையெங்கும் உடைந்த பவளத் துண்டுகள், அவற்றுக்கிடையே முழங்கால் ஆழக் குழிகள். தடித்த அடியுள்ள காலணி இல்லாமல் அங்கே ஓர் அடி வைக்க முடியாது. இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, இடுப்பளவு ஆழம் வந்ததும் பி.சி.டி. எனப்படும் மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி மிதந்து, அதன்பிறகே துடுப்புகளை மாட்டினோம். ‘ஆயிரம் படிகள்’ என்று பெயர் பெற்ற இடத்தில் உண்மையில் ஏறத்தாழ 70 படிகள்தாம் இருக்கும். சிலிண்டரோடு மேலே ஏறும்போது அந்தப் பெயரை யாரும் மறுக்க மாட்டார்கள். படிகள் இல்லாத இடங்களில் காலையிலேயே இறங்கிவிடுவதும், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போகாததும் எங்கள் வயதுக்குப் பொருத்தமாக இருந்தன.

மூன்றாம் நாள் எல்லாம் நன்றாக நடந்தது. நான்காம் நாள் ஹில்மா ஹூக்கர் கப்பலுக்குச் சென்றோம். 72 மீட்டர் நீளமுள்ள அந்தச் சரக்குக் கப்பலில் 1984இல் ஏராளமான கஞ்சா பிடிபட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், அதே ஆண்டு செப்டம்பர் 12இல் அது மூழ்கி, இரண்டு பவளத்திட்டுகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடக்கிறது. அதன் மேற்புறம் ஏறத்தாழ 18 மீட்டரில், அடி 30 மீட்டரில். என் கணவரின் பட்டியலில் முதல் பெயர் இதுதான். எனக்கு முந்தைய இரவிலிருந்து மூக்கு இலேசாக அடைத்திருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிடுவார் என்று தெரியும், அதனாலேயே மறைத்தேன். ஆறு மீட்டர் ஆழத்தில் வலது காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் திறந்துவிடும் என்று எண்ணி ஒரு மீட்டர் இறங்கினேன். ஊசியால் குத்தியதைப் போன்ற வலி.

இதன் காரணத்தைத் தெளிவாக எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஆழம் கூடக்கூடத்தான் காதுக்கு ஆபத்து கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நீர்மட்டத்தில் 1 பாராக இருக்கும் அழுத்தம், 10 மீட்டருக்குள்ளேயே 2 பாராக இரட்டிக்கிறது. மீண்டும் இரட்டித்து 4 பாராக வேண்டுமானால் 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே முதல் பத்து மீட்டரில்தான் காது அதிகம் தவிக்கும். நீர்மட்டத்திலேயே காதைச் சமன்படுத்தத் தொடங்கி, கால் கீழாக இறங்கி, அரை மீட்டருக்கு ஒரு முறை, வலிக்கும் முன்பே ஊத வேண்டும். அடைத்தால் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைய முக்குளிப்பு முடிந்தது. அடைப்பு நீக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குவதும் தீர்வு இல்லை. ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால், மேலே வரும் வழியில் காது அடைத்துக்கொள்ளும்.

நான் காதைக் காட்டிக் கையை ஆட்டினேன். அவர் கீழே மங்கலாகத் தெரிந்த கப்பலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேலே போவோம் என்ற குறியாகக் கட்டைவிரலை மேலே காட்டினார். கரையில் ஏறிய பிறகும் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முந்தைய இரவே மூக்கடைத்திருந்ததை நான் ஒப்புக்கொண்டபோது மட்டும், அதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி காதைவிட அதிகமாக வலித்தது. தண்ணீருக்கடியில் ஒருவருக்கொருவர் துணை என்று உறுதி சொல்லி இறங்கும் இருவரில் ஒருவர் தன் உடல்நிலையை மறைத்தால், மற்றவருக்கு ஆபத்து நேரும்போது உதவ முடியாத நிலையில் இருப்பார். நான் செய்தது தியாகம் இல்லை, தவறு. மறுநாளிலிருந்து, ஒவ்வொரு முக்குளிப்புக்கு முன்னும் காது, மூக்கு, உறக்கம், மனம் ஆகிய நான்கைப் பற்றியும் இருவரும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று வழக்கப்படுத்திக்கொண்டோம்.

செவிப்பறை சிவந்திருக்கிறது, கிழியவில்லை என்றார் மருத்துவர். மூன்று நாள் கடலில் இறங்க வேண்டாம் என்றார். பழைய அட்டவணையை வைத்திருந்தால், விமானத்துக்கு முந்தைய நாளான மணநாளில் நாங்கள் கடலில் இறங்கியிருக்கவே முடியாது. மணநாள் எட்டாம் நாளாக இருந்ததால் ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று நாட்களை நாங்கள் அமைதியாகச் செலவிட முடிந்தது. ஒரு நாள் தெற்கே பெக்கெல்மேர் உப்பு ஏரியில் பூநாரைகளைத் தொலைவிலிருந்து பார்த்தோம். வெண்மலைகளாகக் குவிந்திருந்த உப்பையும், அந்த உப்பை வாரிய அடிமைகளுக்காக 1850இல் கட்டப்பட்ட, ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத குடிசைகளையும் பார்த்தபோது நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. இன்னொரு நாள் வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்குச் சென்றோம்.

ஆறாம் நாள் நான் அவரைக் கட்டாயப்படுத்தி, வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, அந்தக் கப்பலுக்கு அனுப்பினேன். தனியாகப் போக அவருக்கு மனமில்லை. ஆனால் நான் இறங்க முடியாததால் அவரும் இறங்காமல் இருந்தால், அந்தச் சுமை அடுத்த முறை என்னை மறுபடி மறைக்கத் தூண்டும் என்று விளக்கினேன். தம்பதியராகச் செல்பவர்கள், இப்படி ஒருவர் மட்டும் இறங்கும் நாளுக்கான வழிகாட்டிச் செலவை முன்பே தனியாக ஒதுக்கிவிடலாம். அன்று முற்பகல் நான் கரையில் மரநிழலில் உட்கார்ந்து, அவருடைய குமிழிகள் எழுகின்றனவா என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 47 நிமிடங்களில் அவர் தலை தெரிந்தது.

மணநாளன்று மருத்துவர் மறுபடி பார்த்து அனுமதித்த பிறகு, உப்புத் துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் வந்து நிற்கும் நாட்களில் அங்கே முக்குளிக்கக் கூடாது. அன்று துறை காலியாக இருந்தது. நான் தேர்ந்தெடுத்த ஆழம் பத்து மீட்டருக்குள். அதற்கு இன்னொரு நன்மையும் இருந்தது. 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் 10 மீட்டரில் செலவாவதைப் போல இரண்டு மடங்கு காற்று செலவாகும். ஆகவே குறைந்த ஆழத்தில் என்னைப் போன்று வேகமாக மூச்செடுப்பவரும் நெடுநேரம் இருக்கலாம். அரை மீட்டர், ஊதல், அரை மீட்டர், ஊதல் என்று இறங்க எனக்கு எட்டு நிமிடங்கள் ஆயின. அவர் எனக்கு நேர் எதிரே, என் கண்மட்டத்தில், அதே வேகத்தில் இறங்கினார்.

துறைமுகத்தின் தூண்கள் கடலடி மணலிலிருந்து ஒளியை நோக்கி எழுந்து நின்றன. ஆரஞ்சு நிறக் குழல் பவளங்களும் ஊதா நிறக் கடற்பஞ்சுகளும் அவற்றைச் சுற்றிப் போர்த்தியிருந்தன. தூண்களுக்கிடையே மீன் கூட்டம் பிரிந்து எங்களுக்கு வழிவிட்டு, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டது. ஓர் ஆமை மூச்செடுக்க மேலே போய்த் திரும்பி வந்து, நாங்கள் இருந்த இடத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி மணலில் அமர்ந்தது. மேலேறும் வழியில் நைட்ரஜன் வெளியேறுவதற்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் தன் எழுதுபலகையில் 25 என்ற எண்ணை எழுதிக் காட்டினார். என் டைவ் கம்ப்யூட்டரில் அதிகபட்ச ஆழம் 9.2 மீட்டர், நேரம் 68 நிமிடம். என் குறிப்பேட்டிலேயே நீண்ட முக்குளிப்பு அது.

இரவு முக்குளிப்பைக் கைவிட்டோம். காதுக்கு அன்று அவ்வளவு போதும். ஒன்பதாம் நாள் மீண்டும் உப்புத் துறைமுகத்துக்குப் போனபோது கப்பல் நின்றிருந்தது. ஆகவே பாரி ரீஃப் என்ற பவளத்திட்டில் இறங்கி, முற்பகலிலேயே கடைசி முக்குளிப்பை முடித்தோம்.

பத்தாம் நாள் முழுவதும் உபகரணங்களோடு இருந்தோம். 2014இல் ஃபுளோரிடாவில் முதன்முதலாகக் காணப்பட்ட கல்பவளத் திசு இழப்பு நோய், 2023இல் பொனேரையும் எட்டிவிட்டது. மூளைப் பவளங்களில் உயிருள்ள திசு உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்ததை நாங்களே பல இடங்களில் பார்த்தோம். நூற்றாண்டுகள் வளர்ந்த ஒரு பவளம் சில வாரங்களில் இறந்துவிடுகிறது. ஈரமான உபகரணங்கள் வழியாக அது புதிய இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, நிலையத்தில் சொல்லிக்கொடுத்தபடி மணலைக் கழுவி, கிருமிநீக்கிக் கரைசலில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசினோம். மிதவைச் சட்டையின் உட்புறப் பையில் தேங்கும் நீரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதற்குள்ளும் கரைசலை ஊற்றிக் குலுக்கி வடித்தோம். மாலைக்குள் இரண்டு நீருடைகளும் கம்பியில் அருகருகே முழுமையாகக் காய்ந்திருந்தன. அவற்றை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, குறிப்பேடுகளில் ஒருவர் பக்கத்தில் மற்றவர் கையொப்பமிட்டோம்.